ஊசி போட்ட குழந்தையின் காய்ச்சலை யார் இறக்குகிறார்கள்?

கேள்வி: 2024 நவம்பர் 30 (கோத்தகிரிப் பக்கம் ஹட்டி எனப்படும் ஒரு மலைக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி)

"பாப்பாவுக்கு ஒன்றரை மாதம். புதன்கிழமை மதியம் தொடையில் பென்டாவேலன்ட் ஊசி போட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு 101 டிகிரி. நர்ஸம்மா கொடுத்த மருந்தை ஒரே ஒரு தடவை கொடுத்தோம். வியாழன் சாயங்காலம் காய்ச்சல் சுத்தமாக இல்லை. தடுப்பு செல்கள் சைட்டோகைன் என்று ஏதோ சுரப்பதால் காய்ச்சல் வருகிறதாம், படித்தேன். அப்படியானால் நிறுத்தச் சொல்வது யார்? கிருமி தீர்ந்ததும் செல் சும்மா இருந்துவிடும், அவ்வளவுதான் என்பது என் கணிப்பு. சரியா அக்கா?"

டிசம்பர் 1, இரவு

சரியில்லை தம்பி. பாப்பாவின் தொடையைத் தொட்டுப் பார். ஊசி போட்ட இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி இன்னும் இருக்கும். ஊசியின் சரக்கு அங்கேயே கிடக்க, காய்ச்சல் மட்டும் வியாழனே போய்விட்டது. சரக்கு தீர்ந்ததால் நின்றது என்றால் இது பொருந்தவில்லையே.

நான் குன்னூரில் ஒரு தடுப்பூசி ஆய்வகத்தில் 16 வருடம் முயல்களுக்குக் காய்ச்சல் பார்த்தவள். இந்தக் கேள்வி அந்த நாள் முதல் என்னோடு வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பென்டாவேலன்ட்டில் ஐந்து நோய்களுக்கான சரக்கு இருக்கிறது. அதில் கக்குவான் இருமல் கிருமியைக் கொன்று முழுசாகவே போடுகிறார்கள். அந்தக் கிருமியின் மேல்தோலில் எண்டோடாக்சின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. தசையில் காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்லின் மேற்பரப்பில் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பி இருக்கிறது; எண்டோடாக்சினை அடையாளம் காண்பது அதுதான். 1998-ல் புரூஸ் பாய்ட்லர் குழு இதைக் கண்டுபிடித்தது, 2011-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பியில் எண்டோடாக்சின் ஒட்டியதும் செல்லுக்குள் மணி அடிக்கிறது. உள்ளே என்.எஃப். கப்பா பி என்று ஒரு புரதம். சாதாரண நேரத்தில் ஐ கப்பா பி என்ற இன்னொரு புரதம் அதைக் கட்டிப்பிடித்து உட்காரவைத்திருக்கும். மணி அடித்ததும் ஐ கப்பா பி சிதைக்கப்படுகிறது. பிடி விட்ட என்.எஃப். கப்பா பி (இனிமேல் வெறும் கப்பா பி) உட்கருவுக்குள் ஓடி டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகியவற்றின் மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. நீ படித்த சைட்டோகைன்கள் இவைதான், செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதுப் புரதங்கள். இவை ரத்தத்தில் போய் மூளையில் உடல் சூட்டை ஆளும் ஹைப்போதலாமஸ் பக்கம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்க வைக்கின்றன. உடம்பு சுடுகிறது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கப்பா பி உள்ளே போய்த் திறக்கும் மரபணுக்களில் ஒன்று ஐ கப்பா பியின் மரபணு. தன்னைக் கட்டிப்போடும் ஆளைத் தானே வரவழைக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் புது ஐ கப்பா பி தயாராகி, உட்கருவுக்குள்ளேயே போய், கப்பா பியைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடுகிறது. வெளியில் எண்டோடாக்சின் இன்னும் இருந்தாலும் இது நடக்கும்.

அதாவது நிறுத்து என்ற உத்தரவும் தொடங்கு என்ற உத்தரவோடு ஒன்றாகவே கிளம்பிவிடுகிறது.

டிசம்பர் 2, காலை

ராத்திரி அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். பிடித்து இழுத்து வந்ததோடு கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மணி அடித்துக்கொண்டே இருந்தால் புது ஐ கப்பா பியும் சிதைகிறது, கப்பா பி மறுபடி உள்ளே போகிறது, மறுபடி இழுத்து வரப்படுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 100 நிமிடம். கப்பா பியோடு ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் உட்கரு ஒளிர்வதும் மங்குவதுமாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். கப்பா பியை 1986-ல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டார்கள். அப்போது அதை பி செல்லுக்கே உரிய சமாச்சாரம் என்று நினைத்துப் பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது, புரதமோ ஏறக்குறைய எல்லா செல்லிலும் இருக்கிறது.

டிசம்பர் 4, இரவு

ஒரு வாசகர் (பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர்) கேட்கிறார்: "கப்பா பி வெளியே வந்துவிட்டது, சரி. ஆனால் அதுவரை அடித்த உத்தரவு நகல்கள் செல்லுக்குள் கிடக்குமே? அவற்றைப் பார்த்து டி.என்.எஃப். தயாராகிக்கொண்டேதானே இருக்கும்?"

எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் வந்து நிற்கிறார்.

அந்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ. பல புரதங்களின் நகல்கள் மணிக்கணக்கில், சில நாள்கணக்கில்கூடத் தாங்கும். டி.என்.எஃப். நகலுக்கு ஆயுள் குறைவு, அரை மணி அளவில் பாதி போய்விடும். காரணம் அதன் வால். 'ஏ', 'யு' என்ற இரண்டு எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதி அந்த வாலில் இருக்கிறது. 'இதைக் கிழித்துப் போடு' என்று நகலிலேயே எழுதி அனுப்புவது மாதிரி. 1986-லேயே இந்த வாலைக் கவனித்துவிட்டார்கள். வேறு ஒரு நகலில் இதே வாலை ஒட்டவைத்துப் பார்த்தால் அதுவும் சீக்கிரம் கெட்டுப்போனது.

வாலைப் பிடித்துக் கிழிக்க ஆளைக் கூப்பிடும் புரதம் ட்ரிஸ்டெட்ராப்ரோலின். நாக்கு சுளுக்கிக்கொள்ளும், டி.டி.பி. என்றே சொல்லலாம். டி.என்.எஃப்.-ஐக் கிளப்பும் அதே எண்டோடாக்சின்தான் இந்த டி.டி.பி.யையும் கிளப்புகிறது. ஆரம்பத்தில் மணி பலமாக அடிக்கும்போது பி38 என்ற நொதியின் வழியாக டி.டி.பி. மேல் பாஸ்பேட் ஒட்டுகிறது. அது ஒட்டியிருக்கும்வரை டி.டி.பி. வேலை செய்யாது, டி.என்.எஃப். நகல்கள் பிழைத்திருக்கும். மணி ஓயும்போது பாஸ்பேட் கழன்றுவிடுகிறது, டி.டி.பி. வேலையைத் தொடங்குகிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டி.டி.பி.யின் சொந்த நகலிலும் அதே வால் உண்டு. எல்லாவற்றையும் கிழித்து முடித்துத் தன்னையும் கிழித்துக்கொள்கிறது.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1996-ல் டி.டி.பி. இல்லாத எலிகளை உண்டாக்கினார்கள். பிறக்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தன. பிறகு உடம்பு தேறவில்லை, மூட்டுகள் வீங்கின, தோல் புண்ணானது. டி.என்.எஃப்.-ஐ முறிக்கும் எதிர்ப்புரதத்தைக் கொடுத்தபோது நோய் பெரும்பாலும் வராமல் போனது. 1999-ல் வேறு ஒரு குழு எலியின் டி.என்.எஃப். மரபணுவில் அந்த வாலை மட்டும் வெட்டியது. மூட்டுவாதமும் குடல் அழற்சியும் வந்தன. கிருமி எதையும் ஊசியில் ஏற்றவில்லை. கிழிக்கும் ஏற்பாடு கெட்டதே போதுமானதாக இருந்தது.

டிசம்பர் 5

அதே தேயிலைக்காரர் சொல்கிறார்: "எங்கள் தொழிற்சாலையில் நடப்பதும் இதேதான்."

நேற்று நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீடே வண்டிச்சோலையில் ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால். இலையை வாட்டி, நசுக்கி, புளிக்கப் போட்டால் பச்சை செம்பு நிறமாகி வாசனை ஏறும். எடுக்கத் தவறினால் சரக்கு கெட்டது. சரியான நேரத்தில் ட்ரையரில் ஏற்றினால்தான் நிற்கும்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் பொருத்தம் அங்கேயே உடைகிறது. இலை தானாக நிற்பதில்லை. மூக்கால் மோந்து பார்த்து, நேரம் வந்துவிட்டது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், வெளியிலிருந்து சூடு வேண்டும். இலைக்குள் ட்ரையர் கிடையாது. மேக்ரோஃபேஜுக்குள் இருக்கிறது. அதனால் அந்த உவமையை நான் விட்டுவிடுகிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

முயல் கதையைக் கேட்டிருந்தீர்கள்.

நரம்பில் போடும் மருந்துகளில் காய்ச்சல் உண்டாக்கும் அழுக்கு இருக்கிறதா என்று முயலில் பார்ப்பது பழைய முறை. மூன்று முயல்கள். காது ஓரத்து நரம்பில் மருந்தை ஏற்றிவிட்டு, மூன்று மணி நேரம் வெப்பநிலையை எழுத வேண்டும். கழுத்துக்கு மேல் மட்டும் வெளியே தெரியும் பெட்டியில் முயல் உட்கார்ந்திருக்கும், ஆசனவாயில் வெப்பமானி. அறையின் சூடு ஏறி இறங்கக் கூடாது. ஜனவரியில் குன்னூர் விடியற்காலையில் அதற்காகவே ஐந்து மணிக்குப் போய் ஹீட்டர் போடுவேன். ஊசி குத்துமுன் காதை உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பேன். குளிரில் நரம்பு ஒடுங்கிக் கிடக்கும், சூடு ஏறியதும் மெல்லிய நீலக் கோடாக எழும்பி வரும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு மாதிரியைச் சோதித்தோம். இரண்டு முயல்களுக்கு அரை டிகிரிக்கு மேல் ஏறியது. மூன்றாவது முயல் அசையவே இல்லை, 39.1 செல்சியஸில் தொடங்கி 39.2-ல் முடிந்தது. வெப்பமானி கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றிப் பார்த்தேன். அதே அளவுதான்.

எங்கள் மூத்த அக்கா வந்து எதுவும் பேசாமல் ஓய்வுப் பதிவேட்டைத் திறந்தார். அந்த முயல் நான்கு நாளுக்கு முன்பு வேறு ஒரு மாதிரியில் நன்றாகச் சூடேறிய முயல். காய்ச்சல் கண்ட முயலுக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. கூண்டு அட்டை மாறிப் போயிருந்தது. அட்டையை மாட்டியது நான். அன்றைய சோதனை முழுவதும் ரத்து, வேறு மூன்று முயல்களில் மறுபடி செய்தோம்.

இரண்டு வாரம் என்பது முயல் மேல் இரக்கப்பட்டு வைத்த விதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று அக்கா சொன்னது: "அதுக்கு எண்டோடாக்சின் பழகிப்போச்சு. இப்ப நீ விஷத்தையே ஏத்தினாலும் சுத்தமான தண்ணின்னு சொல்லும்."

அந்த முயலுக்கு என்ன ஆயிற்று என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். நன்றாகக் கேரட் தின்றது. காது சூடு சாதாரணம். அதன் செல்கள் எண்டோடாக்சினைப் பார்த்தும் கத்தவில்லை.

டிசம்பர் 9

இந்தப் பழக்கத்துக்கு எண்டோடாக்சின் சகிப்பு என்று பெயர். பால் பீசன் என்ற மருத்துவர் 1940-களில் முயல்களுக்கு டைபாய்டு தடுப்பூசியை நாள்தோறும் ஏற்றிப் பார்த்தார். முதல் நாள் ஏறிய காய்ச்சல் அடுத்தடுத்த நாள்களில் குறைந்துகொண்டே போனது. அதற்கும் முன்பே, காய்ச்சலையே வைத்தியமாகக் கொடுத்த காலத்தில், ஒவ்வொரு தடவையும் மருந்தின் அளவைக் கூட்டினால்தான் அதே காய்ச்சல் வரும் என்று மருத்துவர்கள் அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள்.

டிசம்பர் 10, காலை

ஒருவர் "அப்படியானால் செல் களைத்துப்போய்விட்டது" என்று எழுதியிருக்கிறார். நானும் பல வருடம் அந்த வார்த்தையையே சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு.

2007-ல் மெட்ஷிடோவ் என்ற ஆய்வாளரின் குழு சகிப்பு அடைந்த மேக்ரோஃபேஜ்களை மரபணு மரபணுவாகப் பார்த்தது. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போல உடம்பைப் புண்ணாக்கக்கூடியவற்றின் மரபணுக்கள் மூடிக்கொண்டிருந்தன, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதங்களில் அந்த இடத்து அடையாளங்கள் மாறியிருந்தன. அதே செல்லில் கிருமியை நேரடியாகக் கொல்லும் புரதங்களின் மரபணுக்கள் திறந்தே இருந்தன, சில முன்னைவிட வேகமாக வேலை செய்தன. களைத்த செல் இப்படிப் பொறுக்கி எடுத்து மூடாது. என் முயல் அன்றைக்கு வேலை நிறுத்தம் செய்யவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டு காவல் பார்த்திருக்கிறது. இதைப் படித்த அன்று அந்த மூத்த அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "இத்தனை வருஷம் கழிச்சு உனக்கு அந்த முயல் ஞாபகம் வருதா" என்றார். அவருக்கும் ஞாபகம் இருந்தது.

டிசம்பர் 14

கொரோனாவில் அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பெண் கேட்கிறார்: "இத்தனை பூட்டு இருந்தும் புயல் மாதிரி வந்ததே, எப்படி?"

அம்மா, உங்களுக்குக் கவனமாகப் பதில் எழுத வேண்டும் என்று இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

நான் எழுதிய பூட்டுகள் எல்லாம் ஒரு செல்லுக்குள் இருப்பவை. வெளியேயும் உண்டு. மேக்ரோஃபேஜ் முதலில் டி.என்.எஃப்.-ஐ விடுகிறது, சில மணி நேரம் கழித்து அதே செல் இன்டர்லூக்கின்-10-ஐ விடுகிறது. அது திரும்பி வந்து விட்ட செல்லின் மேலேயே ஒட்டி, உள்ளே இருக்கும் ஸ்டாட்3 என்ற புரதத்தின் வழியாக, போதும் என்கிறது. 1989-ல் மோஸ்மன் குழு கண்டபோது இதற்கு வைத்த பெயரே 'சைட்டோகைன் தயாரிப்பைத் தடுக்கும் காரணி'. 1993-ல் இது இல்லாத எலிகளுக்குக் குடல் புண்ணானது. 2009-ல் அதன் ஏற்பி பிறவியிலேயே கெட்ட குழந்தைகளைக் கண்டார்கள். ஒரு வயதுக்குள்ளேயே கடுமையான குடல் அழற்சி. இந்த ஒரு பூட்டுக்கே அவ்வளவு பெரிய வேலை.

இதற்கும் மேலே முழு உடம்பின் பூட்டு. இன்டர்லூக்கின்-1, 6 இரண்டும் மூளைக்குப் போய்க் காய்ச்சலை ஏற்றும்போதே, அட்ரீனல் சுரப்பியிடம் கார்டிசால் விடச் சொல்லியும் தூது போகிறது. கார்டிசால் செல்களுக்கு வந்து சைட்டோகைனைக் குறைக்கிறது. மருத்துவமனையில் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் அந்தக் கார்டிசாலின் பலமான அண்ணன். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு அறிவித்தது: வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை.

புயல் வருவது பூட்டே இல்லாததால் என்று சொல்ல மாட்டேன். நுரையீரலில் வைரஸ் செல்களை உடைத்துக்கொண்டே போகிறது, உடைந்த செல்லின் சரக்கும் மணி அடிக்கிறது, ரத்தத்திலிருந்து புதிது புதிதாக மோனோசைட்டுகள் (மேக்ரோஃபேஜாக மாறும் செல்கள்) வந்து இறங்குகின்றன. பழைய செல் அடங்கும்போது, பூட்டு இன்னும் தயாராகாத புதுச் செல் தொடங்குகிறது. உங்கள் அப்பாவின் உடம்பு போராடாமல் இருக்கவில்லை. நீங்கள் கவனிக்கத் தவறிய எதுவும் இதில் இல்லை.

டிசம்பர் 15

நேற்று எழுதியபின் தூக்கம் வரவில்லை. அம்மா பக்கத்து அறையில். அவருக்கு 71 வயது, 9 வருடமாக முடக்குவாதம். டிசம்பர் பனியில் விடியற்காலை கைவிரல்கள் மடங்காது. டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் காபி குடிப்பார். சாதாரண மாத்திரைகள் பலிக்காமல், டி.என்.எஃப்.-ஐ முறிக்கும் அடாலிமுமாப் ஊசி தொடங்கினார்கள். நான்காம் மாதம் பழையபடி பூ கட்டினார்.

ஊசி தொடங்குமுன் எக்ஸ்ரே, காசநோய்ச் சோதனை எல்லாம் எடுத்தார்கள். ஏன் இத்தனை என்று அம்மாவுக்குக் கோபம். நுரையீரலில் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் கட்டும் சுவருக்கு டி.என்.எஃப். தேவை. அதை முறித்தால் சுவர் தளர்ந்து கிருமி எழும்பிவிடும். 2001-ல் இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்தவர்களில் இதைக் கண்டார்கள். எனவே, முதல் நாள் நான் நிறுத்துவது என்னவோ எப்போதும் நல்லது என்கிற தொனியில் எழுதியது எனக்கே இப்போது உறுத்துகிறது. அம்மாவின் மூட்டில் அடங்க வேண்டிய டி.என்.எஃப். அவர் நுரையீரலில் கொஞ்சமாவது இருந்தாக வேண்டும்.

இந்த ஊசி வகையிலேயே எடனர்செப்ட் என்று ஒன்று உண்டு. அதன் யோசனை உடம்பிடமிருந்து கற்றது. டி.என்.எஃப். முதலில் செல்லின் மேல் ஒட்டியிருக்கும், ஒரு நொதி கத்தரித்து விடும். அதே கத்தரி டி.என்.எஃப். போய் ஒட்ட வேண்டிய ஏற்பியையும் கத்தரித்து ரத்தத்தில் மிதக்க விடுகிறது. மிதக்கும் ஏற்பி டி.என்.எஃப்.-ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும். எடனர்செப்ட் அப்படி மிதக்கும் ஏற்பியைப் பார்த்துச் செய்த மருந்து.

டிசம்பர் 21

தம்பி மறுபடி வந்திருக்கிறான். அடுத்த ஊசிக்கு முன்பே காய்ச்சல் மருந்து கொடுத்துவிடலாமா, காய்ச்சல் வந்தால்தான் ஊசி 'பிடித்தது' என்று பாட்டி சொல்வது உண்மையா என்று இரண்டு கேள்வி.

பாட்டி பாதி சரி. காய்ச்சல் வந்தால் செல்கள் விழித்தன என்று அர்த்தம். வராவிட்டால் விழிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. எத்தனையோ குழந்தைகளுக்கு அசைவே தெரியாமல் நல்ல எதிர்ப்பு சக்தி வந்துவிடுகிறது.

பாராசிட்டமால் மூளைப் பக்கம் புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பது. கப்பா பியை அது வந்து பூட்டுவதில்லை. காய்ச்சல் தானாக இறங்கும் வேலையைச் செல்தான் செய்கிறது. மருந்து பாப்பாவுக்கு அந்த இடைவேளையைச் சுகமாக்குகிறது. 2009-ல் வந்த ஒரு ஆய்வில் காய்ச்சல் வருமுன்னே வரிசையாகப் பாராசிட்டமால் கொடுத்த குழந்தைகளுக்குச் சில தடுப்பூசிகளின் எதிர்ப்புரத அளவு குறைந்திருந்தது. அதனால் முன்கூட்டி வேண்டாம். சூடு வந்து பாப்பா சிணுங்கினால், நர்ஸம்மா எடை பார்த்துச் சொன்ன அளவு. இரண்டு நாள் தாண்டியும் இறங்காவிட்டால், பால் குடிக்காவிட்டால், துவண்டு கிடந்தால், இங்கே எழுதிக்கொண்டிருக்காதே, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடு.

முடிந்தால் ஒரு உதவி செய். நேரம் போட்டு வெப்பநிலையை எழுதி வை. முயல் அட்டை எழுதிய கைக்கு ஒரு பாப்பாவின் அட்டையைப் பார்க்க ஆசை.

2025 ஜனவரி 10

தம்பி அனுப்பிய அட்டை. ஜனவரி 8, புதன், இரண்டாவது ஊசி. அக்குளில் வைத்துப் பார்த்தது, ஃபாரன்ஹீட்டில்.

மதியம் 12.30 ஊசி. 2 மணி 98.2. 4 மணி 98.9. 6 மணி 99.8. 8 மணி 100.6, சிணுங்கல், மருந்து ஒரு தடவை. 10 மணி 99.9. நள்ளிரவு 100.4, மருந்து இல்லை, பால் குடித்தாள். விடியற்காலை 3 மணி 99.5. 6 மணி 98.6. காலை 9 மணி 98.3, சிரித்தாள்.

நள்ளிரவு 100.4-ஐப் பாருங்கள். எட்டு மணி மருந்தின் வேகம் குறையக் குறையக் காய்ச்சல் மறுபடி தலை தூக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. வெளியே பனி கொட்டுகிறது, பாட்டி கம்பளியை எடுத்து விலக்கி மெல்லிய துணி மட்டும் போர்த்தியிருக்கிறார், உள்ளே கப்பா பி ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருக்கிறது. மூன்று மணிக்கு 99.5.

அட்டையின் அடியில் தம்பி எழுதியிருப்பது: "கட்டி இந்தத் தடவையும் இருக்கு அக்கா. இடது தொடை. சுண்டைக்காய்தான்."